பிள்ளையின் கண் அழுத்தம் 19

கேள்வி: 9 வயது மகனுக்குக் கண் அழுத்தம் 19 என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?
– வாசகி, ஜெயநகர், பெங்களூரு

பதில்: அந்த எண்ணுக்காகப் பயப்பட வேண்டாம். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை பெரியவர்களுக்கு இயல்பு. பிறக்கும்போது குறைவாக இருக்கும் அழுத்தம், வளர வளர ஏறி 12 வயது வாக்கில் அந்த அளவை எட்டும். காற்றுப் பீச்சும் கருவிக்கு மிரண்டு பிள்ளை இமையை இறுக்கினாலே எண் கூடிவிடும். கருவிழிப் படலம் தடித்திருந்தாலும் அப்படித்தான். ஒருமுறை நிதானமாக மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

என் கவலை வேறு. தூசியாலும் மகரந்தத்தாலும் கண் அரிக்கிறது என்று, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டுமருந்தைப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் விடுகிறார்கள். வலியே இல்லாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கெட்டுப்போகலாம். உங்கள் மகனுக்கும் விட்டிருந்தால், அந்தக் குப்பியோடு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். மிண்டோ அரசு கண் மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது.