மகள் அழைக்கிறாள்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த மகள் நர்ஸ் படித்தாள். அமெரிக்கா போனாள். அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றாள். மூணாறில் இருக்கும் அம்மா அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்புகிறாள். முடியுமா?

முடியும். மகளுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் போதாது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனி மனு போட வேண்டும். அவர்களைக் காப்பாற்ற வருமானம் உண்டு என்றும் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிக்கல் பெயரில்தான் வருகிறது. மகளின் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் பாப்பா. பாஸ்போர்ட்டில் பழனியம்மாள். இருவரும் ஒருவரே என்பது லயத்துக்கே தெரியும். அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பிறப்பைப் பதிந்த பஞ்சாயத்தில் முதலில் விசாரியுங்கள். இதற்கு நாளாகும். அப்பாவின் மனுவுக்குத் திருமணச் சான்றிதழும் வேண்டும். பழைய திருமணத்தையும் பஞ்சாயத்தில் பதியலாம்.

நேர்காணலும் உண்டு. அதற்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டு. அசல் தாள்களைக் கொண்டு போங்கள். மகள் எங்கே வேலை செய்கிறாள், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். ஏஜெண்டு சொல்லித்தந்த பொய் பிடிபட்டால், பிறகு விசா கிடைப்பது அரிது.

உங்கள் ரேஷன் கார்டையும் ஆதார் அட்டையையும் எடுங்கள். இரண்டிலும் உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஒன்றாக இருக்கிறதா?