மோட்டார் வண்டியின் ஸ்பிரிங்கும் ஷாக்கும்

மோட்டார் வண்டி வைத்திருக்கும் இளைஞர் பலர்க்கு, அதனைச் சிறிது தாழ்த்தி நிலத்தை ஒட்டியோடச் செய்தல் வேண்டும் என்னும் ஆவல் உண்டாகின்றது. பந்தய வண்டிகள் தாழ்ந்திருத்தலையும், வளைவுகளில் சாயாது விரைதலையும் கண்டார்க்கு அவ்வாவல் எழுதல் வியப்பன்று. ஆயின், ஆவலோ பெரிது, கைப்பொருளோ சிறிது. இந்நிலையில் எதனை முதலில் வாங்குவது, எதனைப் பின்னர் வாங்குவது, எதனை வாங்காதே விடுவது என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இயற்பியல் வகுப்பிலே நாம் கற்ற இரண்டொரு விதிகளே இதற்குப் போதும்.

இவ்வாராய்ச்சியில் என்னைப் புகுத்தியது எங்கள் குடும்ப நிகழ்ச்சி ஒன்றாகும். என் தமையனார் மகன், வேலையில் அமர்ந்த இரண்டாம் ஆண்டில், பழைய ஸ்விஃப்ட் வண்டி ஒன்றை வாங்கினான். அதனைச் செப்பஞ்செய்ய அவன் சேர்த்திருந்தது 25,000 ரூபாய். அதிற் பெரும்பகுதியை, வண்டியை 30 மில்லிமீட்டர் தாழ்த்தும் நான்கு லோயரிங் ஸ்பிரிங்குகளுக்கே கொடுத்துவிட்டான். ஷாக் அப்சார்பர்கள் பழையனவே. “சித்தப்பா, இப்பொழுது பாருங்கள், வண்டிக்கு எவ்வளவு அழகு வந்துவிட்டது!” என்று கொணர்ந்து காட்டினான். அழகு வந்தது மெய்யே. ஆயின், ஒரு மழைநாளில், பாலத்தின் இறக்கத்திலே அவன் பிரேக்கை அழுத்தியபோது வண்டி துள்ளித் துள்ளி ஓடி, முன்னே சென்ற லாரிக்கு ஒரு முழ தூரத்தில் வந்து நின்றது. அன்று பின்னிருக்கையில் இருந்தவர் அவன் தாயார். தீங்கொன்றும் நேரவில்லை, எனினும் அவ்வொரு முழமே எங்களைச் சிந்திக்கச் செய்தது.

1. இரண்டின் தொழில்

ஸ்பிரிங்கும் ஷாக்கும் அருகருகே இருத்தலின், இரண்டின் தொழிலும் ஒன்றே எனப் பலர் மயங்குவர். அவை வேறு வேறு தொழிலுடையன. ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைத் தாங்குவது. எவ்வளவு பாரம் ஏற்றுகின்றோமோ அவ்வளவிற்கு ஏற்ப அது சுருங்கும் என்பது, இங்கிலாந்து தேசத்து ராபர்ட் ஹூக் 1678-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்ட விதி. பாரம் நீங்கின் அது மீளும். மீளும்போது தான் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கும். ஆகவே, தனித்து விடப்பட்ட ஸ்பிரிங் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும்.

அவ்வாட்டத்தை அடக்குவது ஷாக். அஃது ஒரு குழாய்; அதனுள் எண்ணெயும், சிறு துளைகளையுடைய ஒரு பிஸ்டனும் உண்டு. சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் எண்ணெயைத் துளைகளின் வழியே தள்ளுகின்றது. எவ்வளவு விரைவாகத் தள்ளப்படுகின்றதோ அவ்வளவு மிகுதியாக எண்ணெய் தடுக்கும். ஆட்டத்தின் ஆற்றல் இவ்வாறு வெப்பமாகிக் கழிந்துபோகின்றது. வண்டியின் பாரத்தைத் தாங்குதல் ஷாக்கின் கடனன்று. ஷாக்கை மாற்றினால் வண்டி தாழாது; ஸ்பிரிங்கை மாற்றினால் துள்ளல் அடங்காது. இவ்வொரு வாக்கியத்தை மனத்திற் பதித்துக்கொண்டவர் பாதிச் செலவை மிச்சப்படுத்தியவராவர்.

2. தாழ்த்துதலின் கணக்கு

இனி ஒரு சிறு கணக்கினைப் பார்ப்போம். வண்டியின் ஒரு மூலைக்கு 225 கிலோ பாரம் என்றும், ஒரு மில்லிமீட்டர் சுருங்குதற்கு 2 கிலோ பாரம் வேண்டும் என்றும் கொள்வோம். அப்பொழுது ஸ்பிரிங் ஏறத்தாழ 112 மி.மீ. சுருங்கி நிற்கும், வண்டி வினாடிக்கு ஒன்றரை முறை ஆடும் இயல்புடையதாகும். பள்ளம் மேடுகளில் சக்கரம் மேலெழுவதற்கு 80 மி.மீ. இடம் உண்டு என்க. அவ்விடம் தீர்ந்தவுடன், பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர்க் கட்டையில் மோதல் நிகழும்.

வண்டியை 30 மி.மீ. தாழ்த்தினால், மேலெழும் இடம் 50 மி.மீ. ஆகக் குறைகின்றது. முன்பு 80 மி.மீ. தூரத்தில் வாங்கிக்கொண்ட மோதலை இனி 50 மி.மீ. தூரத்திலேயே வாங்குதல் வேண்டும். ஸ்பிரிங் வாங்கும் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், அதன் விறைப்பு 80-இன் வர்க்கத்தை 50-இன் வர்க்கத்தால் வகுத்து வரும் அளவு, அஃதாவது 2.56 மடங்கு, உயர்தல் வேண்டும். அத்துணை விறைப்பான வண்டியில் நம் சாலைகளிற் செல்வோர் முதுகெலும்பு அதனைப் பொறாது. ஆதலின் கடைகளில் விற்கும் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் அவ்வளவு விறைப்பாகச் செய்யப்படுவதில்லை. பெரும் பள்ளங்களில் வண்டி பம்ப் ஸ்டாப்பில் மோதியே தீரும். 15 மி.மீ. மட்டும் தாழ்த்தின் வேண்டிய விறைப்பு ஒன்றரை மடங்கே. தாழ்த்தும் அளவைப் பாதியாக்கினால், மிகவேண்டிய விறைப்பு மூன்றில் ஒரு பங்காகின்றது என்பதை நோக்குக.

வண்டியில் ஆள் ஏறுதலையும் மறத்தலாகாது. நால்வர் சேர்ந்து 280 கிலோ எனின், நான்கு ஸ்பிரிங்குகளும் அப்பாரத்தை ஒக்கப் பகிர்ந்தாலும், வண்டி 35 மி.மீ. தானே தாழும். அடிப்பாகத்திற்கும் தரைக்கும் 170 மி.மீ. இடைவெளியுடைய சிறு வண்டியில், 30 மி.மீ. தாழ்த்தியபின் நால்வர் ஏறினால் எஞ்சுவது 105 மி.மீ. இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டுதலின்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அவ்வளவு அகலமாகச் சரிந்து எழும் தடையில் சக்கரங்களும் உடன் ஏறுதலால் அடிப்பாகம் தப்பும். ஆனால், அவ்வளவைக் கருதாது திடீரென எழுப்பப்பட்ட குறுகிய மேடுகள் நம் தெருக்களில் எத்தனை! அவற்றைக் கடக்க 5 மி.மீ. இடைவெளி எம்மூலைக்குப் போதும்?

3. ஷாக்கின் கணக்கு

புதிய ஷாக்குடன் கூடிய நல்ல வண்டி ஒன்றின் மூலையை 100 மி.மீ. அமுக்கி விட்டதாக எண்ணுவோம். ஒரு முழு ஆட்டம் முடிந்தபின் எஞ்சுவது சுமார் 14 மி.மீ.; அடுத்த ஆட்டத்தில் 2 மி.மீ. உடனே அடங்கிவிட்டது என்றே கொள்ளலாம். ஷாக் தேய்ந்து பாதி வலிவை இழந்திருக்க, அதன்மேல் ஒன்றரை மடங்கு விறைப்பான ஸ்பிரிங்கையும் பூட்டினால் யாதாகும்? முதலாட்டத்தில் 46 மி.மீ. எஞ்சும், இரண்டாவதில் 21 மி.மீ. எஞ்சும். துள்ளும்போதெல்லாம் டயர் சாலையை ஒருகணம் அழுத்தியும் ஒருகணம் தளர்த்தியும் செல்கின்றது. தளர்ந்த கணத்தில் பிரேக்கும் பயன்படாது; ஸ்டியரிங்கும் பயன்படாது. பாலத்து இறக்கத்தில் நிகழ்ந்தது இதுவே. விறைப்பான ஸ்பிரிங், அதனை அடக்கவல்ல ஷாக் இன்றி வருமாயின், அது மேம்பாடன்று, கேடே.

4. பொருளைச் செலவிடும் முறை

முதலாவது, சோதனை. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஷாக்கின் உடலில் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டியிருத்தல், டயர் அலையலையாகத் தேய்ந்திருத்தல், மூலையை அமுக்கி விட்டால் ஒருமுறைக்குமேல் ஆடுதல் ஆகியன ஷாக் கெட்டதன் அடையாளங்கள். அமுக்கிப் பார்த்தல் முற்றும் செத்த ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். குற்றுயிராய் இருப்பதைக் காட்டாது. புஷ், பால் ஜாயின்ட் முதலியவற்றின் தேய்வையும் ஒரு நல்ல மெக்கானிக்கைக் கொண்டு பார்ப்பித்தல் வேண்டும். தேய்ந்த புஷ்ஷைத் திருத்தாது ஸ்பிரிங் வாங்குதல், ஒழுகும் கூரையைத் திருத்தாது சுவருக்கு வண்ணம் பூசுதலை ஒக்கும்.

இரண்டாவது, ஷாக். வண்டியைச் செய்தவர் குறித்த அளவுக்கு ஒத்த, பெயர்பெற்ற உற்பத்தியாளரின் புதிய ஷாக்குகளை வாங்குக. முன்னிரண்டு, பின்னிரண்டு எனச் சோடியாகவே மாற்றுக. ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒருபக்கம் ஒருவிதமாகவும் மறுபக்கம் வேறுவிதமாகவும் நடக்கும். குறைந்த விலையில் கிடைப்பது பெரும்பாலும் இரட்டைக் குழாய் ஷாக். தொடர்ந்து மேடுபள்ளங்களில் ஓடும்போது அதன் எண்ணெயிற் காற்றுக் கலந்து நுரைத்து வலிவு குன்றும். சிறிது அழுத்தத்தில் வாயு நிரப்பியது இக்குறையைப் பெரிதும் தவிர்க்கும். அன்றாட வழக்கிற்கு அதுவே போதும். ஒற்றைக் குழாயில் மிக்க அழுத்தத்தில் வாயு நிரப்பும் முறை பிரெஞ்சு அறிஞர் த கார்போன் என்பாரின் ஆராய்ச்சியால் வந்தது. ஜெர்மானிய பில்ஸ்டீன் நிறுவனத்தார் 1957-இல் மெர்சிடிஸ் வண்டிகளுக்கு அதனைச் செய்தளிக்கத் தொடங்கினர். அது சிறந்தது, விலையும் மிகுந்தது.

மூன்றாவது, பொருள் எஞ்சினால் மட்டும் ஸ்பிரிங். நான்கையும் ஒரே தொகுதியாக வாங்குதல் வேண்டும். இதன் காரணத்தை, ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து 1930-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்திற்குச் சென்ற மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர் சோதித்து விளக்கினார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகின்றது. பின்சக்கரம் சற்றுக் கழித்து ஏறுகின்றது. பின்புறத்தின் ஆட்டம் சிறிது விரைவானதாயின், அது முன்புறத்தை எட்டிப்பிடித்து, வண்டி தலையசைப்பதை விரைவில் நிறுத்தும். முன்னொரு வகையும் பின்னொரு வகையுமாய்ப் பொறுக்கிச் சேர்த்தால் இவ்விசைவு கெடும். தாழ்த்தும் அளவு 15 முதல் 20 மி.மீ. வரை போதும். தாழ்ந்த நிலைக்கென்று செய்த ஷாக்கும், உற்பத்தியாளர் குறித்த நீளமுள்ள பம்ப் ஸ்டாப்பும் உடன் இருத்தல் நன்று.

கூலியையும் கணக்கிற் சேர்க்க. ஸ்விஃப்ட் முதலான வண்டிகளில், மக்பர்சன் என்பார் பெயரால் வழங்கும் அமைப்புப்படி, முன்ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றனுள் ஒன்றாய்ப் பூட்டப்பட்டிருக்கும். ஷாக்கை மாற்ற ஸ்பிரிங்கையும் கழற்றியே ஆகவேண்டும். இரண்டையும் மாற்றக் கருதுவோர் ஒரே நாளில் மாற்றினால் ஒருமுறைக் கூலி மிச்சம். அவ்வேலையை உரிய கருவியின்றி வீட்டிற் செய்யத் துணியற்க. அமுக்கிய ஸ்பிரிங் நழுவின் உயிருக்கே இடராம்.

நான்காவது, வீல் அலைன்மென்ட். ஸ்பிரிங் மாற்றியவுடன் சக்கரத்தின் சாய்வும் நோக்கும் மாறிவிடுகின்றன. அதனைத் திருத்தாமையால் டயரின் உட்புறம் சில மாதங்களில் தேய்ந்தொழியும். எங்கள் இளைஞன் இரண்டு டயர்களை இவ்வாறே இழந்தான்.

5. செய்யத்தகாதன

சிக்கனம் என்று கருதிச் சிலர் பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை அறுத்தெறிவர். ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு பெருகி 1.2 மடங்காகும்; அவ்வளவே. அறுபட்ட நுனி தன் இருக்கையிற் பொருந்தாது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயரவும் கூடும். வேறு சிலர் நெருப்பிற் காய்ச்சித் தாழச் செய்வர். காய்ச்சிய எஃகு பதங்கெட்டு, நாளுக்குநாள் தளரும், முறியவும் செய்யும். இவ்விரண்டும் எந்நிலையிலும் கொள்ளத்தக்கன அல்ல. உயரத்தைத் திருகி மாற்றும் மிகமலிந்த தொகுதிகளும் ஆய்ந்தே கொள்ளத்தக்கன. திருகும் வசதி கண்ணுக்குத் தெரியும். உள்ளிருக்கும் வால்வின் தரம் கண்ணுக்குத் தெரியாது.

சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலிற் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றலாகாது என்கின்றது. இசைவில்லாத மாற்றங்களுக்குத் தண்டனை விதிக்கும் பிரிவு 2019-இல் சேர்க்கப்பட்டது. ஆதலின் வண்டியைத் தாழ்த்தக் கருதுவோர், முன்னதாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், காப்பீடு செய்த நிறுவனத்திலும் வினவித் தெளிக. தேய்ந்த ஷாக்கை நீக்கி அதே அளவுள்ள புதியதைப் பூட்டுவோர்க்கு இக்கவலை இல்லை.

முடிவுரை

எங்கள் இளைஞன் அந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டான். பரண்மேல் வைத்திருந்த பழைய ஸ்பிரிங்குகளை மீண்டும் பூட்டி, நான்கு புதிய ஷாக்குகளை வாங்கினான். அவற்றின் விலை முதலிற் செலவழித்ததில் பாதியளவே. வண்டி இப்பொழுது உயர்ந்தே நிற்கின்றது; ஆனால் வளைவில் முன்னிலும் நிலையாகச் செல்கின்றது. அவன் தாயாரும் அச்சமின்றி ஏறுகின்றார்.

ஆகவே, நண்பர்காள், வண்டியின் உயரம் பிறர் கண்ணுக்குத் தெரிவது. ஷாக்கின் நலம் ஓட்டுபவன் கைக்கும், ஏறியிருப்போர் உடலுக்கும் தெரிவது. கைப்பொருள் குறைந்த காலத்தில் கண்ணுக்குத் தெரிவதைப் பின்னர் வைத்து, உயிரைக் காப்பதை முன்னர் வைத்தலே அறிவுடைமை. முதலிற் சோதனை, அடுத்து ஷாக், எஞ்சினால் ஸ்பிரிங், இறுதியில் அலைன்மென்ட் என்னும் இம்முறையைக் கைக்கொள்வோர் பொருளையும் இழவார். சாலையில் அவ்வொரு முழத்தையும் இழவார்.