கழித்துப் பாருங்கள்: புதிய ஸ்கவுட்களுக்கு எட்டு அறிவுரைகள்

அமெரிக்கப் பள்ளிகளின் கூடைப்பந்து ஆட்டங்களைப் பார்த்து, எந்தப் பையன் கல்லூரி அணியில் தாக்குப்பிடிப்பான் என்று சொல்லும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். அதில் கடினமானது கார்டைக் கணிப்பது, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவனை. நெட்டையனின் உயரம் கல்லூரிக்கும் அவனோடு வரும். கார்டு பள்ளியில் ஜெயிப்பதற்கான காரணங்களில் பல, பள்ளி வாசலோடு நின்றுவிடும். எது நிற்கும், எது கூடவரும் என்று பிரித்துச் சொல்லத்தான் நமக்குச் சம்பளம்.

1. புள்ளிக் கணக்கை ஆட்டம் முடிந்த பிறகு பாருங்கள்.
முப்பது புள்ளி எடுப்பவன் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தால் கண் அதையே தேடும். எதிரணியில் கூடைக்கடியில் தடுக்க ஆளில்லை என்றால், வேகமாக ஓடத் தெரிந்த எவனும் லே-அப் போடுவான். கல்லூரியில் அங்கே ஆறே முக்கால் அடி ஆள் ஒருவன் கை தூக்கி நிற்பான். அவன் இங்கேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு, எடுத்த புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கழியுங்கள். மிஞ்சுவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஆடுகளத்தை மனத்துக்குள் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.
பள்ளி ஆடுகளம் வழக்கமாக 84 அடி நீளம், ஆட்டம் 32 நிமிடம். கல்லூரியில் 94 அடி, 40 நிமிடம். மூன்று புள்ளிக் கோடு பள்ளியில் 19 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. கல்லூரி ஆண்கள் முதல் டிவிஷனில் 2019-20 பருவத்திலிருந்து அது 22 அடி 1¾ அங்குலம். ஆகவே பந்து வலையில் விழுகிறதா என்பதைவிட, எறிபவனின் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோட்டை ஒட்டி நின்றே போடுகிறானா, இரண்டடி தள்ளி நின்றும் அதே லாகவத்தோடு போடுகிறானா? நான்காம் குவார்ட்டரில் கால் சோர்ந்ததும் பந்து வளையத்தின் முன்விளிம்பில் இடிக்கிறதா? ஃப்ரீ த்ரோ கோடு மட்டும் இரண்டு இடத்திலும் 15 அடிதான். கை நல்ல கைதானா என்பதற்கு அந்தச் சதவீதத்தை நான் அதிகம் நம்புவேன்.

3. திட்டம் குலைந்த பின் என்ன செய்கிறான்?
கல்லூரியில் 30 வினாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும். பள்ளிகளில் 35 வினாடிக் கடிகாரத்தை விரும்பிய மாநிலம் வைத்துக்கொள்ளலாம் என்ற தேசிய விதியே 2022-23 பருவத்தில்தான் வந்தது. கடிகாரம் இல்லாத ஊரில், ஒரு நகர்வு பலிக்காவிட்டால் பந்தை வெளியே எடுத்து மறுபடி தொடங்கலாம். அந்தச் சலுகையையும் கழியுங்கள். பிக் அண்ட் ரோலில், அதாவது கூட்டாளி குறுக்கே நின்று வழிசெய்து கொடுத்துவிட்டுக் கூடையை நோக்கி ஓடும் நகர்வில், இரண்டு பேர் அவனை மடக்கும்போது தலை நிமிர்ந்திருக்கிறதா, எதிர் மூலையில் நிற்பவன் கண்ணில் படுகிறானா, இடது கையாலும் பாஸ் போகிறதா என்று பாருங்கள்.

4. பந்து கையில் இல்லாதபோது அவனையே பாருங்கள்.
பள்ளியில் பந்து எப்போதும் அவனிடம்தான். கல்லூரியில் அவனுக்கு மூத்தவன் ஒருவன் இருப்பான். ஜேலன் பிரன்சன் வில்லனோவா கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, ரயன் ஆர்ச்சிடியாகனோ என்ற மூத்த கார்டோடு பந்தைப் பகிர்ந்து ஆடினார்; 2016இல் அணி சாம்பியன் ஆனது. 2018இல் அவரே நடத்திய அணி மீண்டும் வென்றது. பந்தில்லாமல் நிற்கத் தெரியாதவன் முதல் ஆண்டு முழுக்க பெஞ்சில்தான் இருப்பான்.

5. உடம்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.
சுழி பார்த்து மாடு பிடிப்பவர்களைப் போல உயரத்தையும் எடையையும் பார்த்தே முடிவு கட்டுகிறவர்கள் நம் தொழிலில் உண்டு. ஸ்டீபன் கரியை அப்படித்தான் விட்டார்கள். தந்தை டெல் கரி ஆடிய வர்ஜீனியா டெக்கே அவருக்கு ஸ்காலர்ஷிப் தரவில்லை. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியின் கோச் பாப் மெக்கிலப் எடுத்துக்கொண்டார். 2008இல் அந்த அணி தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக வந்து, கேன்சஸிடம் 57-59 என்று தோற்றது. ஒல்லி உடம்புக்குச் சதை பிறகு வரும். இதற்கு நேர்மாறானவனிடம்தான் கவனம் வேண்டும்: பதினாறு வயதிலேயே மீசையும் தோளுமாக முதிர்ந்து, சிறுவர்களை இடித்துத் தள்ளிப் புள்ளி எடுப்பவன். எல்லோரும் வளர்ந்த பின் அவனிடம் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள்.

6. பக்கத்து ஜிம்மையும் எட்டிப் பாருங்கள்.
ஜூலையில் தென் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் நடக்கும் பீச் ஜாம் என்ற பள்ளி வயதினர் போட்டிக்கு எல்லாக் கோச்சுகளும் வருவார்கள். அங்கே நீங்கள் பார்ப்பதை அவர்களும் பார்ப்பார்கள். ஜா மொராண்ட்டை முர்ரே ஸ்டேட் கல்லூரியின் உதவிக் கோச் ஜேம்ஸ் கேன் கண்டது பெரிய அரங்கில் அல்ல. வேறொரு வீரருக்காக வந்தவர், தின்ன ஏதாவது வாங்கப் போன வழியில், பக்கத்து ஜிம்மில் மூன்றுக்கு மூன்று ஆடிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். 2019 என்பிஏ டிராஃப்ட்டில் மொராண்ட் இரண்டாவதாகத் தேர்வானார்.

7. தவறுக்கு அடுத்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
பந்தைப் பறிகொடுத்தவன் திரும்பி ஓடுகிறானா, நடுவரைப் பார்த்துக் கை விரிக்கிறானா? வெளியே அழைத்தால் யார் பக்கத்தில் போய் உட்காருகிறான்? அவனிடம் பாஸ் வாங்கும் பையன்களின் முகம் எப்படி இருக்கிறது? பிறகு மதிப்பெண்ணை விசாரியுங்கள். முதல் டிவிஷனில் ஆட 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 2.3 கிரேடு சராசரியும் (ஜிபிஏ) வேண்டும். அது இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

8. எந்த ஆண்டில், என்ன வேலைக்கு என்று எழுதுங்கள்.
கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018இல் வந்தது. 2021 முதல் கல்லூரி மாறுகிறவர் ஓராண்டு காத்திருக்காமல் ஆடலாம் என்றானது. இன்று பள்ளிப் பையனின் இடத்துக்கு இருபத்திரண்டு வயது அனுபவசாலியும் போட்டிக்கு நிற்கிறான். ‘நல்ல கார்டு, வேகம் உண்டு’ என்ற அறிக்கையால் கோச்சுக்கு ஒரு பயனும் இல்லை. ‘முதல் ஆண்டு பத்து நிமிடம், மூத்தவனுக்கு ஓய்வு கொடுக்க, மூன்றாம் ஆண்டு அணியை நடத்துவான், இடது கை தேறாவிட்டால் அதுவும் இல்லை’ என்று எழுதுங்கள். மூன்று ஆண்டு கழித்து யாராவது அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால், நீங்கள் எந்த வரியில் சரி, எந்த வரியில் தப்பு என்று விரல் வைத்துக் காட்டும்படி இருக்க வேண்டும்.