ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை மில்லி ஆயில்?

சேத்தியாத்தோப்பைச் சுற்றிலும் நெல்லும் கரும்பும்தான். வரப்புப் புல்லுக்கு பிரஷ் கட்டர், மருந்தடிக்க பவர் ஸ்பிரேயர், புயலில் விழுந்த மரத்துக்கு அறுக்கும் மெஷின். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டதைப் பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த மெஷினின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றில் பல டூ-ஸ்ட்ரோக். இவ்வகை இன்ஜினுக்குள் தனியாக ஆயில் நிற்பதில்லை. பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் பேரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் நனைக்கிறது. அது குறைந்தால் சிலிண்டரில் கோடு விழும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

முதலில் உங்கள் மெஷின் டூ-ஸ்ட்ரோக்தானா என்று பாருங்கள். இன்ஜினில் ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் அது ஃபோர்-ஸ்ட்ரோக். அதன் டேங்குக்கு வெறும் பெட்ரோல்தான்.

அடுத்து விகிதம். டேங்க் மூடியிலோ கையேட்டிலோ 50:1, 40:1, 25:1 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். 1000ஐ அந்த எண்ணால் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை மில்லி என்பது வந்துவிடும். 50:1க்கு 20 மில்லி, 40:1க்கு 25, 30:1க்கு 33, 25:1க்கு 40. சில கையேடுகளில் இரண்டு எண் இருக்கும்: கம்பெனி ஆயிலுக்கு 50:1, வேறு ஆயிலுக்கு 25:1. அவசரத்தில் பலர் முதல் எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். பழைய டிவிஎஸ் 50க்கு ஊற்றிய கணக்கை இதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். பாட்டில் மூடியால் அளப்பதும் வேண்டாம். மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசியில்லாமல் இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கூடினால் என்ன? 50:1 கேட்கும் மெஷினில் 40:1 போனால் புகை சற்றுக் கூடும், அவ்வளவுதான். 25:1 கேட்பதற்கு 50:1 போவதுதான் இன்ஜினைக் கொல்லும். அதற்காக இஷ்டத்துக்கு ஊற்றவும் கூடாது. பிளக் நனையும், சைலன்சர் வாயில் கரி அடைக்கும். ஆயில் கூடும் அளவுக்கு அதே கலவையில் பெட்ரோல் குறைவதால் சூடும் ஏறலாம்.

ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜாஸோ எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்கிறதா பாருங்கள். பரங்கிப்பேட்டைப் பக்கம் படகு இன்ஜினுக்கு வாங்கும் டிசி-டபிள்யூ3 ஆயில் தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கானது. சித்திரை வெயிலில் காற்றால் மட்டுமே குளிரும் பிரஷ் கட்டருக்கு அது ஆகாது. டிராக்டருக்கு ஊற்றும் ஆயில் கூடவே கூடாது.

பெட்ரோலில்தான் இப்போது அதிக கவனம் தேவை. பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சும் இன்ஜினுக்கு ஆயிலே போகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி சரியாக இறுகாத கேன் இருந்தால் இந்த ஆபத்து அதிகம். பழைய ரப்பர் குழாய், கார்புரேட்டர் டயாபிரம் ஆகியவற்றையும் எத்தனால் கெடுக்கும். 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று கையேடு சொன்னால், அந்த மெஷினுக்கு என்ன செய்வது என்று விற்றவரிடம் கேட்டுவிடுங்கள்.

கலக்கும்போது பெட்ரோலுக்கென்று உள்ள கேனைத் தரையில் வையுங்கள். அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம். பாதி பெட்ரோல், பிறகு ஆயில், நன்றாகக் குலுக்கி மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து, கேன் மேல் தேதியும் விகிதமும் எழுதுங்கள். டேங்கில் ஊற்றும் முன் ஒரு குலுக்கல். இன்ஜின் ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். வேலை முடிந்து மாதக்கணக்கில் ஓரம் வைப்பதானால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள்.

மெஷினைப் பக்கத்து வயலுக்கு இரவல் கொடுத்தால், கலந்து வைத்த கேனையும் கையோடு கொடுத்தனுப்புங்கள்.