ஏழரை மணி ஆட்டம்: தஞ்சோங் பகாரில் ஒரு வீட்டுக் கொட்டகை

சிங்கப்பூரில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. நவம்பரில் 6.45 வாக்கில் மறையும், பிப்ரவரியில் 7.20 ஆகும். அதிலிருந்து அரை மணி நேரத்தில் திறந்தவெளியில் படம் காட்டப் போதுமான இருட்டு வந்துவிடும். இரவு 10 மணிக்குமேல் சத்தம் கூடாது. அண்டைவீட்டுச் சத்தத்தை ஆராய்ந்த ஆலோசனைக் குழு 2022இல், அதுவரை 10.30க்குத் தொடங்கிய அமைதி நேரத்தை 10 மணிக்கே தொடங்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆக, கையில் இருப்பது சுமார் இரண்டரை மணி நேரம், ஒரு தமிழ்ப் படத்தின் நீளம். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும்.

முதலில் இடம். எவர்ட்டன் ரோடு, பிளேர் ரோடு பக்கம் பழைய கடைவீடுகளில் இருப்பவர்களுக்குப் பின்முற்றம் இருக்கும், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கூட்டுரிமை வீட்டில் இருந்தால் பால்கனி, அல்லது முன்பதிவு செய்யக்கூடிய பார்பெக்யூ இடம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருப்பவர்கள் தாழ்வாரத்தில் நாற்காலி போட நினைக்க வேண்டாம். தீ விபத்தின்போது தப்பிச் செல்ல அங்கே 1.2 மீட்டர் வழி எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும். புளோக்கின் கீழ்த்தளம் என்றால் நகர மன்றத்தின் அனுமதி தேவை. அதோடு விஷயம் முடியாது. வீட்டுக்கென்று கட்டிய ஸ்ட்ரீமிங் சந்தாவைக் கொண்டு புளோக்குக்கே படம் காட்ட முடியாது. பொதுத் திரையிடலுக்குப் படத்தின் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதிகளும் உண்டு. முதல் முறை சொந்த வீட்டு எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது திரை. துணி காயப்போடும் மூங்கில் கழிகள் இரண்டு, தடித்த வெள்ளைத் துணி ஒன்று போதும். துணியின் மேலும் கீழும் கழி நுழையும்படி மடித்துத் தையுங்கள். மேல்கழியைக் கட்டித் தொங்கவிட்டால் கீழ்க்கழியின் எடை சுருக்கத்தை இழுத்துவிடும். சாதாரணப் படுக்கை விரிப்பில் ஒளி பின்பக்கம் கசிந்து படம் மங்கும். அரபு ஸ்திரீட் துணிக்கடைகளில் வெளிச்சம் புகாத திரைச்சீலைத் துணி கேட்டு வாங்குவது நல்லது. உயரமான மாடி என்றால் பால்கனியின் வெளிவிளிம்பில் ஒருபோதும் கட்டாதீர்கள். காற்றடித்தால் துணி கப்பல் பாய்போல் ஆகிவிடும். மேலிருந்து ஒரு கழி விழுந்தால் ஆளைக் கொல்லும், சட்டப்படியும் குற்றம். பக்கச் சுவரில் கட்டி, பால்கனியின் நீளவாக்கில் படத்தை வீசுங்கள். குவோக்கோ டவரும் அதைச் சுற்றியுள்ள அலுவலகக் கட்டடங்களும் இரவு முழுக்க ஒளிரும் வட்டாரம் இது; திரையின் முகம் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது.

புரொஜெக்டரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெட்டிமேல் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான லுமென்களை நம்பாதீர்கள். தரப்படுத்திய அளவான 'ஆன்சி லுமென்' எவ்வளவு என்று கேளுங்கள். கணக்கு எளிது. டிவி வடிவில் இரண்டு மீட்டர் அகலத் திரையின் பரப்பு 2.25 சதுர மீட்டர். திரையரங்குத் தரமான 48 நிட் வெளிச்சம் அதில் கிடைக்க, கும்மிருட்டில் சுமார் 340 லுமென் போதும். நகர வெளிச்சத்துக்கும் துணியின் குறைக்கும் ஈடுகட்ட 800 முதல் 1,000 வரை இருந்தால் நிம்மதி. அதற்குமேல் செலவழிப்பது வீண் என்பேன். தூரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: வீச்சு விகிதம் (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) 1.2 என்றால் இரண்டு மீட்டர் படத்துக்கு 2.4 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், 0.5 என்றால் ஒரு மீட்டர் போதும். நீளம் குறைந்த பால்கனிக்காரர்கள் இந்த இரண்டாவது வகையைத் தேட வேண்டும்.

முதல்நாளே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கைப்பேசியில் ஓடும் படத்தை அப்படியே புரொஜெக்டருக்கு அனுப்பினால், சில செயலிகளில் சத்தம் மட்டும் கேட்கும், திரை கறுப்பாக இருக்கும். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டின் வேலை அது. எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் குச்சி இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. புளூடூத் ஒலிபெருக்கியில் வசனம் உதட்டசைவுக்குப் பின்னால் வரலாம். கம்பி இணைப்பே மேல். ஒலிபெருக்கியைத் திரைக்கடியில் வைத்து அலறவிடுவதைவிட, உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் குறைந்த சத்தத்திலேயே கேட்கும், மேல்வீட்டுக்காரரும் கதவைத் தட்ட மாட்டார். அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

மாதத்தில் பிப்ரவரி உத்தமம், மழை குறைவு. ஆனால் ஏழே முக்காலுக்குத்தான் தொடங்க முடியும். டிசம்பர், ஜனவரியில் தேதி குறித்தால் ஹாலில் ஒரு சுவரையும் காலியாக வைத்திருங்கள். ஆறு மணிக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் மழை ரேடாரைப் பாருங்கள். இடி கேட்டால் விவாதமே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே போய்விடுங்கள். நீட்டிப்புக் கம்பியின் பலகையைத் தரையில் போடாமல் ஸ்டூல்மேல் வையுங்கள்.

டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அந்தி மயங்கும் நேரத்தில் இன்னும் மும்முரமாக. நீங்கள் பாய் விரிக்கும் நேரமும் அதுதான். பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கிய நீரை முந்திய நாளே கொட்டிவிடுங்கள். குழந்தைகளுக்குக் கொசு விரட்டி தடவுங்கள். ஒரு நிற்கும் மின்விசிறியைக் கால்மட்டத்துக்கு வீசவிட்டால் கொசுவால் அந்தக் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. புழுக்கத்துக்கும் அதே மருந்து.

என்ன படம்? தாத்தா பாட்டி இருந்தால் 'ப்ரியா' (1978) அல்லது 'நினைத்தாலே இனிக்கும்' (1979). இரண்டிலும் சிங்கப்பூரில் எடுத்த காட்சிகள் உண்டு. கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் செறிந்து வாழ்ந்த வட்டாரம் இது. படத்தைவிடப் பின்னணியில் தெரியும் பழைய சிங்கப்பூரைப் பற்றித்தான் பெரியவர்கள் பேசப் போகிறார்கள், பேசட்டும். சிறுவர்கள் மட்டும் என்றால் 'பசங்க' (2009). வகைப்பாட்டையும் பாருங்கள்: ஜி, பிஜி, பிஜி13 மூன்றும் ஆலோசனை அளவில்தான், என்சி16 முதல் வயதுக் கட்டுப்பாடு.

இடைவேளையை வெட்டாதீர்கள். தமிழ்ப் படத்தில் அது கதையிலேயே இருக்கிறது. பாதியில் தூங்கிவிழும் சின்னதுகளைப் படுக்கப் போடவும் அதுவே நேரம். ஒரு காலத்தில் இங்குத் திரையரங்கு வாசல்களில் தமிழர்கள் விற்ற கச்சாங் பூத்தே நினைவிருக்கும். கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டுகளைக் காகிதக் கூம்பில் சுற்றி ஆளுக்கொன்று கொடுங்கள். கிண்ணம் கழுவும் வேலை இல்லை. மூன்று நான்கு வயதுக்காரர்களுக்கு மட்டும் கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

படம் முடிந்ததும் புரொஜெக்டரை அணைத்துவிட்டு, உள்விசிறி நிற்கும்வரை பிளக்கைத் தொடாதீர்கள். துணியை மடித்து வைத்தால் அடுத்த ஆட்டத்தில் கதாநாயகன் முகத்தில் மடிப்பு விழும். கழியோடு சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிடுங்கள்.