நீர்த்தாரைப் படகும் இழுவைக் கயிறும்

மலைநாட்டு மாணவர்க்குப் படகைப்பற்றி ஒரு பாடம் எதற்கு என்று வினவுவார் உளர். கடல் இங்கிருந்து நெடுந்தொலைவு என்பது உண்மையே. ஆயினும், ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டு நுவரெலியாவில் அமைந்த கிரகரி வாவியும், ஹற்றனை அடுத்துள்ள காசல்ரி நீர்த்தேக்கமும், மஸ்கெலியாவின் மவுசாகலை நீர்த்தேக்கமும் நம் கண்முன்னே பரந்து கிடக்கின்றன. கிரகரி வாவியில் உல்லாசப் பயணிகளின் பொருட்டு விசைப்படகுகளும் நீர்த்தாரை ஊர்திகளும் ஓடுகின்றன. அத்தகைய படகுத் தொழிலில் எம்மிடம் தமிழ் பயின்ற ஒருவரும் இருக்கின்றார். சென்ற ஆண்டு அவர் எம்மைத் தேடிவந்து, படகுடன் வந்த ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்து, அதில் ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்டார். அப்பக்கத்தைச் சுட்டிக்காட்டிய விரலுக்கு நுனி இல்லை.

“சேர், இது முன்பே தமிழில் இருந்திருந்தால் எனக்கு இது நடந்திராது” என்றார்.

இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இயந்திர நூல் புதிது. ஆயினும் அப்பக்கத்தைப் பலமுறை படித்தும், அவரிடமே ஐயம் தெளிந்தும் அறிந்தவற்றை ஈண்டுக் கூறுகின்றோம்.

நீர்த்தாரைப் படகிற்கு வெளியே தெரியும் சுழல்விசிறி கிடையாது. நியூசிலாந்து நாட்டினரான வில்லியம் ஹமில்ரன் என்பார், கல் நிறைந்த ஆழமற்ற ஆறுகளிலும் படகு செலுத்த விரும்பி, 1954ஆம் ஆண்டளவில் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். எவரெஸ்ற் கொடுமுடியை எட்டிய எட்மண்ட் ஹிலாரி 1977இல் கங்கையின் கழிமுகத்திலிருந்து இமயத்தை நோக்கி ஆற்றை எதிர்த்துச் சென்றதும் இத்தகைய படகுகளிலேயாம்.

படகின் அடியில், பின்பகுதியில், கம்பித்தட்டி இட்ட உறிஞ்சுவாய் ஒன்று உண்டு. அதன்வழி ஏறும் நீரை, குழலினுள் சுழலும் இம்பெல்லர் என்னும் உறுப்பு வேகமாகப் பின்னே தள்ளுகின்றது. இதனை உந்துசுழலி எனலாம். நீர் குறுகிய வாயினூடே தாரையாகப் பீறிட, நியூற்றனின் மூன்றாம் விதிப்படி படகு முன்னே செல்கின்றது. உந்துசுழலியின் இதழ்களுக்கும் அதனைச் சூழ்ந்த வளையத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அத்துணை நெருக்கமான இடத்திற் கயிறு புகுந்தால் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி வருவதை மாணவர் கூர்ந்து நோக்குக. மோட்டார் வண்டியில் கியரை நடுநிலையில் வைத்தால் சில்லு சுழலாது. சிறு நீர்த்தாரைப் படகுகள் பெரும்பாலானவற்றில் அத்தகைய நடுநிலை இல்லை. படகு நின்றது போலத் தோன்றினும், இயந்திரம் ஓடும்வரை உந்துசுழலி சுழன்றுகொண்டே இருக்கும். உறிஞ்சுவாயும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பின்னோக்கிச் செலுத்தும்போதும் சுழற்சி மாறுவதில்லை. தாரையின்மேல் ஒரு கவிகை இறங்கி, நீரை முன்புறமாகத் திருப்பிவிடுகின்றது, அவ்வளவே. அந்நீரோடு தளர்ந்த கயிறும் படகின் அடிக்குச் செல்லும்.

ஆகவே கயிறு விறைத்திருக்கும்போது ஆபத்துக் குறைவு; தளரும்போதே மிகுதி. காற்றடைத்த மிதவையிற் பிள்ளைகளை ஏற்றி இழுத்துச் செல்கையில் ஒருவர் நீரில் விழுகின்றார்; ஓட்டுநர் பதறிப் படகைத் திருப்புகின்றார்; கயிறு வளையமாகத் தொய்கின்றது; மறுகணம் அது உள்ளே போய்விடுகின்றது. தேயிலைத் தொழிற்சாலையின் உருளை இயந்திரத்தருகே சேலைத் தலைப்பைத் தளரவிட்டு நிற்கலாகாது என்பதை லயத்துப் பிள்ளைகளும் அறிவர். இதுவும் அதுவே. உள்ளே சுற்றும் கயிறு மறுமுனையையும் விரைந்து இழுக்குமாதலால், கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்வது உயிருக்கே கேடாம்.

கயிறு சிக்கியதை எவ்வாறு அறிவது? இயந்திரம் திடீரென நின்றுவிடலாம். அல்லது இரைச்சல் மிகுந்தும் படகு நகராதிருக்கலாம். உடனே இயந்திரத்தை நிறுத்துக. ‘இன்னொருமுறை முடுக்கினால் தானே வெளிவந்துவிடும்’ என்று எண்ணுவது பெரும்பிழை. ஒவ்வொரு முடுக்கலும் கயிற்றை மேலும் இறுக்கும். பொலிபுரொப்பிலீன், நைலோன் கயிறுகள் உராய்வின் வெப்பத்தால் உருகித் தண்டைச் சுற்றிக் கட்டியாகிவிடும். அன்றியும், பல படகுகளில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரும் இக்குழலினின்றே வருவதால், இயந்திரமும் காய்ந்து கெடும்.

அடுத்து, நீரில் விழுந்தவரைப் படகில் ஏற்றுக. பின் நங்கூரம் இடுக. காசல்ரி போன்ற திறந்த பரப்பிற் காற்று படகை எங்கு கொண்டுசேர்க்கும் என்பதற்கு உறுதியில்லை. இவை முடிந்தபின்னரே கயிற்றைத் தொடலாம். அதற்கு முன்னும் ஒன்று உண்டு. திறப்பைக் கழற்றி, நிறுத்துநாடாவையும் கழற்றி, எவர் உள்ளே கைவிடுகின்றாரோ அவரே அவ்விரண்டையும் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பற்றரி இணைப்பையும் விலக்கல் வேண்டும். எம் மாணவர் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, உடனிருந்தவர் உதவி செய்வதாக எண்ணித் திறப்பை ஒருமுறை திருப்பினார். அவர் பகைவர் அல்லர், நண்பரே.

சிக்கெடுக்கும் முறை நூற்கண்டில் நாம் அறிந்ததே. ‘சிக்கு’ என்னும் சொல்லிலிருந்தே நம் மொழியிற் ‘சிக்கல்’ பிறந்தது. இழுக்க இழுக்க அது இறுகும். கயிறு சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் தண்டைக் கையாற் சிறிது சிறிதாகத் திருப்பி, வெளித்தெரியும் முனையை மெல்ல இழுத்தல் வேண்டும். ஒருவர் திருப்ப மற்றொருவர் இழுப்பது எளிது. ஆனால் சொல்லிச் சொல்லிச் செய்தல் வேண்டும். சில படகுகளிற் பின்புறத்தே இதற்கென மூடியிட்ட வாய் உண்டு. இல்லையேல் படகைக் கரையேற்றிக் கம்பித்தட்டியின் வழியே பார்த்தல் வேண்டும். சிறு ஊர்தியைச் சாய்க்கும்போது கையேடு கூறும் பக்கமாகவே சாய்க்குக; மாறிச் சாய்த்தால் புகைக்குழாயில் நிற்கும் நீர் இயந்திரத்துட் புகும். வெட்ட நேரின் சிறுசிறு துண்டுகளாக வெட்டுக. கத்தி தண்டின் சீலிற் படலாகாது. உருகி இறுகிவிட்டதாயின், குழலைக் கழற்றும் வேலை தொழில் தெரிந்தவர்க்கு உரியது.

கயிறு வந்தபின்னும் படகின் உட்புறத்தில் நீர் கசிகின்றதா என்று பார்த்து, மெதுவாக ஓட்டி, அதிர்வு உண்டா என்று கவனிக்க. வாராவிடின் வேறு படகு கட்டி இழுத்துச் செல்லலாம். மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மிகாமல் செல்லுக. விரைந்தால், ஓடாத இயந்திரத்துக்குள் நீர் ஏறிவிடக்கூடும்.

கயிற்றைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். பொலிபுரொப்பிலீன் நீரில் மிதக்கும், நைலோன் அமிழும். மிதக்கும் கயிறு கண்ணுக்குத் தெரியும். ஓட்டுநர் முன்னே பார்க்க, கயிற்றையே பார்த்திருக்க மற்றொருவர் வேண்டும். விழுந்தவரை எடுக்க நெருங்கியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கயிற்றைக் கையாற் சுருட்டுக.

இவற்றையெல்லாம் ஒரு தாளிற் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். படகுத்துறைக் கொட்டகையிலே, திறப்புகள் தொங்கும் ஆணிகளுக்கு மேலே, அவர் அதனை ஒட்டி வைத்திருக்கின்றார். திறப்பைச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லும் வரியின்கீழ்ச் சிவப்பு மையாற் கோடிட்டது அவர்தாம்.