உண்டியும் உறையும்: உயிரி நெகிழி பற்றிய ஓர் ஆராய்ச்சி

உண்பொருளை உறையிட்டுக் காக்கும் வழக்கம் மக்களினத்துக்குப் புதியதன்று. தேங்காய்க்கு ஓடும், வாழைக்கனிக்குத் தோலும், நெல்லுக்கு உமியும் இயற்கை அளித்த உறைகளாம். அவற்றைக் கண்டு கற்ற மாந்தர், இலையும் மட்டையும் மட்கலமும் துணியும் கொண்டு தம் உணவைப் பொதிந்து வந்தனர். மயிலையின் மாட வீதிகளில் வடையும் பூவும் வாழைச் சருகிலும் மந்தாரை இலையிலும் கட்டித் தரப்பெற்றமை முதியோர் நினைவில் இன்றும் பசுமையாகவே இருக்கின்றது. சுண்டலுக்குத் தொன்னை, பந்திக்குத் தையலிலை, வெளியூர்ப் பயணத்துக்குத் தூக்குப் பாத்திரம் என இவ்வாறு ஒவ்வொன்றற்கும் ஒரு கலம் இருந்தது. உண்டவுடன் எறிந்த இலையை ஆடோ மாடோ தின்றது. அவை தின்னாது விட்டதை மண் தின்றது.

இங்கிலாந்து நாட்டில் 1933ஆம் ஆண்டில் இரசாயன நூலார் இருவர் வேறொன்றைத் தேடுங்கால் தற்செயலாகக் கண்ட வெண்மெழுகு போன்ற பொருளே பின்னர்ப் பாலிதீன் எனப் பெயர் பெற்று உலகெங்கும் பரந்தது. நீர் புகாமை, எடையின்மை, விலைக்குறைவு ஆகிய மூன்று குணங்களும் ஒருங்கே அமைந்த உறை அதற்கு முன் எந்நாட்டிலும் இருந்ததில்லை. கொதிக்கும் சாம்பாரையும் மெல்லிய பையில் ஊற்றி நூலாற் சுற்றித் தரலாம் என்பதைச் சென்னையின் உணவுச்சாலைகள் கண்டுகொண்ட பின்னர், தூக்குப் பாத்திரம் பரண் ஏறிற்று. இதனைக் கடைக்காரர் குற்றமென்றோ வாங்குவோர் சோம்பலென்றோ கூறி ஒழிதல் எளிது. எனினும், அலுவலகத்தினின்று இரவில் திரும்பும் ஒருவர் காலையிலேயே பாத்திரம் எடுத்துச் செல்வார் என எதிர்பார்த்தல் பொருந்துமோ என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

தமிழக அரசு 2018 ஜூன் 5ஆம் நாள் சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி முதல் நாள் தொட்டு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியப்படும் பதினான்கு வகை நெகிழிப் பொருள்களை விலக்கிற்று. உணவு கட்டும் தாள், உண்மேசை விரிப்பு, தெர்மாகோல் தட்டு, நெகிழி பூசிய தாட்குவளை, தேநீர்க் குவளை, உறிஞ்சு குழல், தண்ணீர்ப் பொட்டலம், கைப்பை முதலியன அவற்றுள் அடங்கும். பட்டியலை நோக்குவார்க்கு, அவற்றுட் பெரும்பாலன உண்ணுதலும் பருகுதலும் பற்றியனவே என்பது விளங்கும். ஆயினும் அவ்விலக்கில் ஒரு வாயில் திறந்து வைக்கப்பட்டது. உரிய இந்தியத் தரத்துக்கு இணங்க மக்கும் நெகிழியாற் செய்த பைகளுக்குத் தடையில்லை என்பதே அது. அவ்வாயில் வழியாகவே ‘உயிரி நெகிழி’ என்னும் பெயர் தியாகராய நகரின் துணிக்கடைகளிலும் அடையாற்றின் பழக்கடைகளிலும் புகுந்தது.

இப்பெயரையே முதற்கண் ஆராய்வாம். தமிழ் பயில்வார்க்கு அஃது உரிய பணியன்றோ? நெகிழ் என்னும் வினையடியாற் பிறந்த நெகிழி என்பது நல்ல சொல்லே. இடர்ப்பாடு அதன் முன் நிற்கும் உயிரி என்பதில் உளது. தொகைச்சொற்கள் விரிக்குங்கால் இரண்டு முதல் ஏழு வரையிற் பொருள் படும் என்பது நன்னூலார் கொள்கை. ‘உயிரியினின்று பெற்ற நெகிழி’ என ஐந்தாம் வேற்றுமையில் விரிப்பின், கரும்பு, சோளம், கிழங்கு முதலியவற்றினின்று செய்யப்பட்டது என்பது பொருள். ‘உயிரியால் அழியும் நெகிழி’ என மூன்றாம் வேற்றுமையில் விரிப்பின், நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கத் தக்கது என்பது பொருள். இவ்விரண்டும் ஒன்றே எனப் பலரும் மயங்குகின்றனர், ஒன்றாதல் கட்டாயமில்லை. பிரேசில் நாட்டில் கரும்புச் சாராயத்தினின்று பாலிதீன் செய்கின்றனர். பிறப்பால் அது கரும்பேயாயினும், இயல்பால் மண்ணெண்ணெய்க் குடும்பத்துப் பாலிதீனின் வேறன்று; மண்ணில் மக்காது. மறுதலையாக, பி.பி.ஏ.டி. எனச் சுருங்கக் கூறப்படும் பொருள் பெரும்பாலும் பெட்ரோலியத்தினின்று பிறப்பது. எனினும் நுண்ணுயிர்கள் அதனை உண்டு செரிக்கும்.

இனி ‘மக்கும்’ என்னும் பெயரெச்சமும் இங்ஙனமே மயக்கந் தருவது. சிதைதல் வேறு, மக்குதல் வேறு. உலோக உப்புகளைச் சிறிதளவு கலந்த ஒருவகைப் பாலிதீன், வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் நொறுங்கித் துகளாகும். கண்ணுக்கு மறைந்தமையின் மக்கிற்று என்பர். உண்மையிற் பெரிய குப்பை சிறிய குப்பையாயிற்று, அவ்வளவே. ஐரோப்பிய ஒன்றியம் 2021ஆம் ஆண்டு முதல் அவ்வகையை அறவே விலக்கியுள்ளது. மக்குதலாவது, நுண்ணுயிர்கள் பொருளை உணவாகக் கொண்டு, அதன் கரியைக் கரியமில வாயுவாகவும் தம் உடலாகவும் மாற்றி, எஞ்சியதை எருவோடு எருவாக்குதல். வாழையிலைக்கு நிகழ்வதும் இதுவே.

இத்தகைய பொருள்கள் நேற்றுத் தோன்றியனவல்ல. பாரிசு நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் லெமுவாஞ் என்பார் 1926ஆம் ஆண்டில், சில பாக்டீரியங்கள் தம் உடலுள் ஒருவகைப் பாலியெஸ்டரைச் சேமித்து வைக்கின்றன எனக் கண்டார். நாம் கொழுப்பைச் சேமிப்பது போல அவை அதனைப் பஞ்சகாலத்துக்கு வைத்துக்கொள்கின்றன. பி.எச்.பி. என்பது அதன் பெயர். தயிரைப் புளிக்கச் செய்யும் லாக்டிக் அமிலத்தைத் தொடராகக் கோத்தால் பி.எல்.ஏ. என்னும் நெகிழி கிட்டும். நைலானைக் கண்ட கரோதர்ஸ் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இதனை ஆராய்ந்துள்ளார். மிட்டாய்களைச் சுற்றி வரும் கண்ணாடித் தாளாகிய செல்லோபேனும் மரக்கூழினின்று செய்யப்படுவதே. பூச்சு இல்லாத செல்லோபேன் மண்ணில் மக்கும். நம் பாட்டனார் காலத்து மிட்டாய்த் தாள் இன்றைய தாளினும் மண்ணுக்கு இனியதாய் இருந்தது என்பது வியப்புக்குரியது.

தமிழ்நாட்டுக்கும் இத்தொழிலில் ஓர் இயல்பான பங்கு உண்டு. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளிக் கிழங்கு மிகுதியாக விளைகின்றது. அதனை அரைத்து மாவும் ஜவ்வரிசியும் செய்வோர், 1981ஆம் ஆண்டு முதல் சேலத்தில் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கமொன்றும் உடையர். கிழங்கு மாவில் நீரும் கிளிசரினும் சேர்த்துச் சூடேற்றினால் நெகிழி போல் இழுபடும் தாள் உண்டாகும். ஆனால் அத்தாள் தனித்து நின்றால் மழைக்காலத்து அப்பளம் போல் ஈரமேற்றுத் தொய்ந்துவிடும். ஆகலின் அதனோடு பி.பி.ஏ.டி. போன்றதொன்றைக் கலந்தே பை செய்கின்றனர். ‘கிழங்கினாற் செய்த பை’ எனக் கடைகளில் விற்கப்படுவதில் கிழங்கு முழுமையும் இல்லை என்பதை வாங்குவோர் அறிதல் நலம்.

நம் உணவுக்கு இவ்வுறைகள் எவ்வளவு பொருந்தும்? ஈண்டுச் சற்று நின்று நோக்குவாம். பி.எல்.ஏ. ஏறத்தாழ 60 பாகை செல்சியசு அளவிலேயே இளகத் தொடங்கும். மேனாட்டார் அதிற் குளிர்ந்த பழச்சாறும் பச்சைக் காய்க் கலவையும் இட்டு விற்கின்றனர். அங்கு அது நன்கு பயன்படுகின்றது. நம் வடிகாப்பியும் இரசமும் சாம்பாரும் அதனினும் மிக்க வெம்மையில் ஊற்றப்படுவன. சாம்பாரை ஏற்ற குவளை கையில் குழைந்தால் கேடு சுற்றுச்சூழலுக்கன்று, வாங்கியவர் கைக்கே. தனிமுறையிற் படிகமாக்கிய பி.எல்.ஏ. வெம்மையை ஓரளவு தாங்கும். விலையும் அதற்கேற்ப உயரும். மற்றொரு குறை, நீராவியைத் தடுக்கும் ஆற்றல் இதற்குப் பாலிதீனினும் குறைவு. மயிலையில் விற்கும் முறுக்கும் தட்டையும் சென்னையின் கடற்காற்றில் இரண்டொரு நாளில் நமுத்துப் போதற்கு இதுவே போதும். ஆகவே நெடுநாள் வைத்துண்ணும் பண்டங்களுக்கு இவ்வுறை இன்னும் தகுதி பெற்றிலது. இட்லி, பொங்கல், நறுக்கிய பழம் என அன்றன்றே உண்பனவற்றுக்குக் கரும்புச் சக்கையை அழுத்திச் செய்த பெட்டியும் பாக்கு மட்டைத் தட்டும் ஏற்றன.

தாட்குவளை பற்றியும் ஒரு சொல். தாள் என்பதனால் அது தீதற்றது எனப் பலர் நம்புகின்றனர். தாளினுள்ளே மெல்லிய பாலிதீன் பூச்சு இல்லையேல் தேநீர் ஒழுகிப்போம். அப்பூச்சு தாளினின்று பிரித்தற்கு அரியது. தமிழக அரசின் தடையை எதிர்த்துக் குவளை செய்வோர் உச்சநீதிமன்றம் வரை சென்றனர். 2023 அக்டோபரில் அந்நீதிமன்றம் குவளைகளின் மீதான தடையை நிலைநிறுத்திற்று. பழைய செய்தித்தாளிற் பஜ்ஜியைக் கட்டித் தருவதும் தகாது என, அச்சுமையின் தீங்கு கருதி, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ஆம் ஆண்டிலேயே எச்சரித்துள்ளது. இங்ஙனம் ஒவ்வொரு வழியாக அடைபட, மாலையில் தெருவோரத்திற் பஜ்ஜி சுடும் மூதாட்டிக்கு எஞ்சியிருப்பது இலையும், விலைமிக்க மக்கும் பையும் ஆகிய இரண்டே.

அம்மூதாட்டியின் நிலையிலிருந்தே தரச்சான்றினைக் காண விழைகின்றோம். மக்கும் நெகிழிக்குரிய இந்தியத் தரம் ஐ.எஸ். 17088 என்பது. அதன்படி, ஏறத்தாழ 58 பாகை வெம்மையில் வைத்த எருவில், பொருளிலுள்ள கரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 180 நாட்களுக்குள் கரியமில வாயுவாக மாறுதல் வேண்டும். இவ்வாய்வினைச் செய்யவல்ல நிறுவனங்களுள் ஒன்று நம் அண்மையிலேயே, கிண்டியில், உள்ளது; 1968ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சிப்பெட் என்பதே அது. சான்று வழங்குவது நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பையின்மேல் மக்கத்தக்கது என்னும் குறிப்பும், செய்தவர் பெயரும், சான்றெண்ணும் அச்சிடப்படுதல் விதி. இவையனைத்தும் செம்மையே. ஆயினும் மொத்த வணிகர் தந்த பையில் உள்ள எண் மெய்யோ பொய்யோ என்பதை அவ்வெழுத்தறியா முதியவள் எங்ஙனம் காண்பாள்? பொய்ச்சான்று அச்சிட்டவன் எங்கோ இருக்க, தண்டம் அவள் தட்டின்மேல் விழுதல் நேரிதன்று. செய்வோர் வாயிலிலேயே ஆய்வு நிகழ்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

58 பாகை என்னும் அவ்வெண்ணே இவ்வாராய்ச்சியின் முடிச்சு. அவ்வெம்மை பெரும் எருக்குவியலின் நடுவே தானாகவே எழும். மாடித் தோட்டத்துச் சிறு மண்தொட்டியில் எழாது. கடல்நீரில் எழவே எழாது. பி.எல்.ஏ.யாற் செய்த குவளை அடையாற்று முகத்துவாரத்தில் மிதக்குமாயின், அது நெடுங்காலம் ஏனைய நெகிழியைப் போன்றே மிதக்கும். பி.எச்.பி. வகை கடலிலும் மக்கும் என்பர்; அதன் விலையோ இன்னும் எட்டாக்கனி. இனி, குப்பைத்தொட்டியில் இவ்வுறை உலர்குப்பையோடு சேர்ந்தால், பழைய நெகிழியை உருக்கி மறுபடி செய்வோர்க்குக் கலப்படமாய்க் கேடு விளைக்கும். நிலத்தில் கொட்டி மூடினாலோ, காற்றின்றி அழுகும் பகுதி மீத்தேன் வாயுவைத் தரும். தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகச் சென்றடைந்த இடம் பெருங்குடி. அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியே. 2022 ஏப்ரலில் அக்குப்பைமேடு தீப்பற்றிச் சில நாட்கள் புகைந்தது. அதே ஆண்டில் அச்சதுப்பு நிலம் உலகப் புகழ் வாய்ந்த ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மக்கும் பையும் மக்காப் பையும் அங்கு ஒரே மேட்டிற் கிடந்தால், அவற்றின் பெயர் வேறுபாட்டால் விளையும் பயன் சிறிதே.

எனின், இவ்வுறைகளாற் பயனே இல்லையோ? உண்டு, ஆனால் இடமறிந்து ஆளுதல் வேண்டும். மயிலையில் பங்குனித் திங்களில் நிகழும் அறுபத்து மூவர் திருவிழாவை எண்ணுக. அன்று தெருத்தோறும் நீர்மோரும் பானகமும் சோறும் வந்தவர்க்கெல்லாம் வழங்கப்படுகின்றன. பெசன்ட் நகரில் ஆகஸ்டு இறுதி முதல் செப்டம்பர் 8ஆம் நாள் வரை நிகழும் அன்னை வேளாங்கண்ணித் திருவிழாவிலும் கூட்டம் அத்தகையதே. இங்கெல்லாம் உணவு ஓரிடத்தில் வழங்கப்பட்டு அவ்விடத்திலேயே உண்ணப்படுகின்றது. வழங்குவோர் தட்டு, குவளை, கரண்டி ஆகிய அனைத்தையும் மக்கும் ஒரே இனமாகக் கொண்டால், எச்சிற் சோறும் கலமும் பிரிக்கப்படாமலே ஒரு குவியலாக எருக்கிடங்குக்குச் செல்லலாம். பிரிக்க வேண்டாமையே ஈண்டுப் பெரும் பேறு. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவோ இதற்கு நேர்மாறு. வாங்கியவர் நடந்துகொண்டே உண்பர். எறியுமிடம் அவர் மட்டுமே அறிவர். அத்தெருவுக்கு உறை மாற்றத்தினும் தொட்டியும் அதனைக் காலந்தவறாது வெறுமையாக்கும் ஆளும் முதற்கண் வேண்டும். துணிக்கடைப் பைக்கோ மஞ்சட்பையே சாலும். 2021 டிசம்பர் 23ஆம் நாள் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் அதற்கானது.

வீட்டுக் குப்பையிலும் இவற்றுக்கு ஓரிடம் உளது. இத்தாலி நாட்டு மிலான் நகரில் 2012ஆம் ஆண்டு முதல் சமையற் கழிவைத் தனியே பெறத் தொடங்கினர். மக்கள் அதனை மக்கும் பையிலிட்டுத் தருகின்றனர். பையும் கழிவும் ஒருங்கே பதப்படுத்தப்படுகின்றன. நம் நகரில் ஈரக் குப்பையைப் பிரித்துத் தாரும் எனக் கேட்டால், பலர் அதனைப் பாலிதீன் பையிற் கட்டியே தருகின்றனர். அப்பையால் அவ்வெரு கெடுகின்றது. அவ்விடத்தில் மரவள்ளி கலந்த பை ஒன்று கொடுக்கப்படுமாயின் அதன் கூடுதல் விலைக்குத் தக்க பயன் விளையும். அப்பையின்மேல் சான்றெண்ணோடு, எத்துணை வெம்மையில் எத்துணை நாட்களில் மக்கும் என்பதும், வீட்டுத் தொட்டியில் இடலாமோ பெருங்கிடங்குக்கே அனுப்புதல் வேண்டுமோ என்பதும் தெளிந்த தமிழில் அச்சிடப்பட்டால், ‘மக்கும்’ என்னும் சொல்லில் இப்போது காணும் மயக்கத்தில் ஒரு பாதியேனும் நீங்கும்.